நயாகரா ஆடம்ஸ் நீர்மின் நிலையம் (1895): குறுக்குவெட்டு மாடல் செய்ய விவரம் தேவை

மாதிரிப்பட்டறை:

வணக்கம். நயாகராவில் 1895-ல் ஓடத் தொடங்கிய ஆடம்ஸ் நிலையத்தின் முதல் பவர்ஹவுஸை 1:100 அளவில் குறுக்குவெட்டு மாடலாகச் செய்கிறோம். பொறியியல் கல்லூரிக் கண்காட்சியில் வைக்கப் போகிறோம். பழைய படங்களில் தெரிவதெல்லாம் நீளமான ஒரு கல் கட்டடம், உள்ளே கவிழ்த்து வைத்த அண்டா வரிசை மாதிரி ஜெனரேட்டர்கள், அவ்வளவுதான். தரைக்குக் கீழே என்ன இருந்தது என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை.

டர்பைன் குழியின் அடியில், ஜெனரேட்டர் மேலே என்றால் நடுவே நூறடிக்கு மேல் ஷாஃப்ட் நிற்க வேண்டும். அத்தனை எடையையும் எந்த பேரிங் தாங்கியது? ஜெனரேட்டரின் வெளிப்பாகம் சுற்றியது, உள்பாகம் நிலையாக நின்றது என்கிறார்கள். ஏன் அப்படித் தலைகீழாக? 25 சைக்கிள் (மாறுமின்சாரம் நொடிக்கு 25 சுழற்சி), இரண்டு ஃபேஸ் (ஒன்றுக்கொன்று தள்ளி ஓடும் இரண்டு மின்னோட்டம்) என்று ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அப்புறம் கட்டடத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். சுவர் என்ன கல், இன்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

நீர்ச்சக்கரம்:

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: படத்தில் தெரியும் கட்டடம் அந்த நிலையத்தின் மேல்மூடிதான். நிலையம் என்று சொல்லத்தக்கது பாறைக்குள் வெட்டிய குழி. மாடலில் தரைக்கு மேலே எவ்வளவு காட்டுகிறீர்களோ, அதைவிடப் பல மடங்கு தரைக்குக் கீழே காட்ட வேண்டியிருக்கும். பலகை அறுக்கும் முன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவுகள்: குழியின் ஆழம் சுமார் 178 அடி, அதாவது 54 மீட்டர். உங்கள் அளவில் 54 செ.மீ. அகலம் 20 அடி அளவுதான், ஆக 6 செ.மீ. முதலில் 140 அடி நீளம் வெட்டி மூன்று யூனிட் வைத்தார்கள். பிறகு 425 அடி வரை நீட்டிப் பத்து யூனிட் ஆக்கினார்கள். ஒரு யூனிட்டுக்கு 42 அடி சுவர்நீளம் என்று வைத்துக்கொண்டால் 13 செ.மீ. இரண்டு யூனிட் மட்டும் காட்டினாலே போதும், விஷயம் புரிந்துவிடும்.

அருவிக்கு ஏறத்தாழ 2 கி.மீ. மேலே ஆற்றிலிருந்து கால்வாய் பிரிகிறது. பவர்ஹவுஸ் அந்தக் கால்வாயின் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி பென்ஸ்டாக் (தண்ணீரை இறக்கும் பெரிய குழாய்), விட்டம் 7.5 அடி (2.3 செ.மீ.). அது குழிக்குள் நேராக இறங்கி, அடியில் வளைந்து, டர்பைன் உறைக்குள் நுழைகிறது. டர்பைனை ஜெனிவாவின் ஃபேஷ் அண்ட் பிக்கார்ட் வடிவமைத்தார்கள், பிலடெல்ஃபியாவின் ஐ. பி. மாரிஸ் கம்பெனி செய்து கொடுத்தது. வகை ஃபோர்னெரான்: தண்ணீர் உள்ளிருந்து வெளிப்பக்கம் பாயும். ஒரே ஷாஃப்டில் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவே நீர் நுழையும் உறை. சக்கர விட்டம் 63 அங்குலம், மாடலில் 16 மி.மீ. வேலை செய்யும் நீர்மட்ட வீழ்ச்சி 136 அடி. நொடிக்கு 430 கன அடி தண்ணீர், நிமிடத்துக்கு 250 சுற்று, 5,000 குதிரைத்திறன். நீங்களே சரிபார்க்கலாம்: 12.2 கனமீட்டர், 41.5 மீட்டர் வீழ்ச்சி. பெருக்கினால் நீரில் இருப்பது சுமார் 4,965 கிலோவாட். கிடைத்தது 3,730. திறன் 75 சதவீதம். அந்தக் காலத்துக்கு இது மோசமில்லை.

இப்போது உங்கள் எடைக் கேள்வி. ஜெனரேட்டரின் சுழலும் பாகம், ஷாஃப்ட், சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து 70 டன் அளவுக்கு வரும். இதைத் தாங்கியது தண்ணீர்தான். உறைக்குள் மேல் வழிகாட்டித் தட்டில் துளைகள் போட்டிருக்கிறது. கீழ்த்தட்டில் துளை இல்லை. உறைக்குள் நிற்கும் அழுத்தம் மேல்தட்டுத் துளைகள் வழியாக மேல் சக்கரத்தின் அடிப்பரப்பை மேல்நோக்கித் தள்ளும். கீழ்ப்பக்கம் விழும் நீர்ச்சுமையை நிலையான தட்டு வாங்கிக்கொள்ளும், சக்கரத்துக்குப் போகாது. 136 அடி நீருக்கு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 59 பவுண்டு. 63 அங்குலத் தட்டின் முழுப்பரப்பில் அது 80 டன்னைத் தாண்டுகிறது. பயன்படும் பரப்பைச் சற்றுக் குறைத்து எடைக்குச் சமமாக்கினார்கள். மேலே இருக்கும் தாங்கு பேரிங் மிச்சம் மீதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

கேட் (நீரளவைக் கட்டுப்படுத்தும் கதவு) எங்கே இருக்கிறது என்பது இதில் முக்கியம். சக்கரத்துக்கு வெளிச்சுற்றில், வளையமாக, மேலும் கீழும் நகரும். கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அதை இறக்கி நீரைக் குறைத்தாலும் உறைக்குள் அழுத்தம் அப்படியே நிற்கும், ஆகவே தூக்கும் விசையும் குறையாது. கேட்டை உட்புகும் பக்கம் வைத்திருந்தால் லோடு குறையும்போதெல்லாம் ஷாஃப்ட் எடை பேரிங்கில் வந்து விழுந்திருக்கும். இன்னொன்று, பென்ஸ்டாக்கை வடிக்கும்போது தூக்கும் விசை மொத்தமும் போய்விடும். அதனால் சுழற்சி முழுதாக நின்ற பிறகுதான் வடிக்க வேண்டும்.

ஷாஃப்டை ஒரே தடிமனில் செய்துவிடாதீர்கள். 38 அங்குல விட்டமுள்ள எஃகுக் குழாய் அது, உள்ளே வெற்று. பேரிங் வரும் இடங்களில் மட்டும் 11 அங்குலத் திண்ம ஷாஃப்டாகச் சுருங்கும். மாடலில் 1 செ.மீ. குழாய், நடுநடுவே 3 மி.மீ. கம்பி. இந்தச் சுருக்கம் தெரிந்தால்தான் மாடல் நிஜம்போல இருக்கும். எடை கூடாமல் விறைப்பு வேண்டும் என்பதற்குக் குழாய். பேரிங்கில் உராய்வு வேகம் குறைய வேண்டும் என்பதற்குச் சிறிய விட்டம்.

சுருள்கம்பி:

மின்பகுதியை நான் சொல்கிறேன். வெளிப்பாகம் சுற்றுவதன் காரணம் டர்பைனிலிருந்தே வருகிறது. நூறடிக்கு மேல் உயரமுள்ள நீர்க்கம்பத்தைக் கவர்னர் சட்டென்று அடைக்க முடியாது, அடைத்தால் பென்ஸ்டாக்கில் நீர் அடி விழும். கேட் மெதுவாக மூடும் அந்த நேரத்தில் வேகம் எகிறாமல் பிடிக்கப் பெரிய ஃப்ளைவீல் (வேகத்தைச் சீராக வைக்கும் கனத்த சக்கரம்) வேண்டும். ஆனால் தண்ணீர் தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு. ஜெனரேட்டரின் சுழலும் பாகத்துக்கு விதித்த உச்சம் 80,000 பவுண்டு, ஏறத்தாழ 36 டன். எடையைக் கூட்டாமல் ஃப்ளைவீல் பலனைக் கூட்ட ஒரே வழி, எடையை மையத்திலிருந்து தள்ளி வைப்பது. அதனால்தான் ஃபீல்ட் துருவங்களை (காந்தப்புலம் தரும் மின்காந்தங்களை) ஒரு பெரிய வளையத்தின் உட்பக்கத்தில் பொருத்தி, அந்த வளையத்தையே சுற்ற விட்டார்கள். இந்த வடிவம் நிலையத்தின் ஆலோசகரான பேராசிரியர் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் முன்வைத்தது. குடை வகை என்று பெயர் வாங்கியது.

வளையம் நிக்கல் எஃகு. ஒட்டு, ரிவெட் எதுவும் இல்லாமல் பெத்லஹெம் இரும்பாலையில் ஒரே துண்டாக அடித்து வடித்தது. வெளிவிட்டம் சுமார் 11½ அடி, மாடலில் 3.5 செ.மீ. 250 சுற்றில் அதன் விளிம்பு நொடிக்கு 46 மீட்டர் வேகத்தில் போகும். லோடு திடீரென்று கழன்று கவர்னரும் கைவிட்டால் வேகம் இதைவிட வெகுவாக ஏறும். அதையும் தாங்க வேண்டும் என்பதால்தான் சாதாரண வார்ப்பிரும்பை யாரும் யோசிக்கவில்லை. வளையத்தின் உட்பக்கத்தில் துருவங்கள் இருப்பதில் ஒரு நன்மை: சுழல் விசை அவற்றை வளையத்தின் மீதே அழுத்தும். துருவம் வெளிப்பக்கம் இருக்கும் அமைப்பில் போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கும். ஆர்மேச்சர் (மின்சாரம் உண்டாகும் சுருள் பாகம்) நிலையாக நின்றதால் 2,200 வோல்ட்டை நகரும் தொடுப்பு எதுவும் இல்லாமல் நேராக வெளியே எடுத்தார்கள். சுழலும் பாகத்துக்குப் போக வேண்டியது குறைந்த அழுத்த ஃபீல்ட் மின்சாரம் மட்டும். அதற்கு உச்சியில் இரண்டு வளையம், பிரஷ்.

25 சைக்கிள் எப்படி வந்தது என்றால், வேகத்தை டர்பைன்காரர்கள் முதலிலேயே 250 என்று நிறுத்திவிட்டார்கள். மிச்சம் துருவ எண்ணிக்கைதான். ஃபோர்ப்ஸ் 8 துருவம் கேட்டார், அது 16⅔ சைக்கிள். ஜெனரேட்டரைச் செய்த வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் பொறியாளர்கள் 16 துருவம் கேட்டார்கள், அது 33⅓. நடுவில் 12-க்கு ஒத்துக்கொண்டார்கள், 25 வந்தது. சமரசம்தான், ஆனால் காரணமில்லாத சமரசமில்லை. அன்றைய பெரிய லோடுகள் நேர்மின்சாரம் கேட்டவை: 1895 ஆகஸ்டில் முதல் வாடிக்கையாளராக வந்த அலுமினியத் தொழிற்சாலையும் சரி, பஃபலோ நகர டிராமும் சரி. ரோட்டரி கன்வெர்ட்டர் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் சுழலும் இயந்திரம்) வைத்துத்தான் மாற்ற வேண்டும். சைக்கிள் கூடினால் துருவம் கூடும், அதன் கம்யூட்டேட்டரில் (பிரஷ்கள் உரசும் செப்புத் துண்டு உருளையில்) பிரஷ்களுக்கு இடையே இடம் சுருங்கும், பொறி சுற்றிலும் பாயும். 25-ல் அது அடங்கி ஓடியது. விலை என்னவென்றால், டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு 50 சைக்கிளுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். மெல்லிய இழை பல்பில் வெளிச்சம் நடுங்கும். ஆர்க் விளக்குக்கு 25 சரிப்படவே இல்லை.

நம் பக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. காவிரியில் சிவசமுத்திரம் 1902 ஜூன் 30-ல் கோலார் தங்கவயலுக்கு 92 மைல் தூரம் மின்சாரம் அனுப்பியபோது அதுவும் 25 சைக்கிள்தான்.

இரண்டு ஃபேஸ் பற்றி: நிலையத்தின் அருகிலிருந்த ஆலைகளுக்கு இரண்டு ஃபேஸாகவே நேரடியாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஃபேஸையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம் என்பது அதில் வசதி. தொலைவுக்கு மூன்று ஃபேஸ் என்றால் கம்பி மிச்சம். அதனால் பஃபலோ லைனுக்கு ஸ்காட் இணைப்பு போட்டார்கள். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்: ஒன்றின் இரண்டாம் சுருள் 11,000 வோல்ட், நட்டநடுவில் டேப் (இடைமுனை). இன்னொன்றின் இரண்டாம் சுருள் 9,526 வோல்ட், அதாவது 86.6 சதவீதம்; அதன் ஒரு முனை அந்த நடு டேப்பில் சேரும். மீந்த மூன்று முனைகள்தான் மூன்று ஃபேஸ். 1896 நவம்பர் 16 நள்ளிரவு கழிந்ததும் பஃபலோவுக்கு 1,000 குதிரைத்திறன் போனது. கண்காட்சியில் இயக்கிக் காட்ட நினைத்தால் இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மரில் செய்யலாம். டேப் சரியாக நடுவில் இல்லாவிட்டால் மூன்று அழுத்தமும் சமமாக வராது. இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரின் முனைகளை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். உள்ளீட்டுக்கு ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளிய இரண்டு மின்சாரம் வேண்டும். வீட்டுப் பிளக்கிலிருந்து இரண்டு வயர் இழுத்தால் அது இரண்டு ஃபேஸ் ஆகாது. மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இதுதான்.

பெயர்ப்பலகை எழுதும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலையத்தையே டெஸ்லா வடிவமைத்தார் என்று போடாதீர்கள். பல ஃபேஸ் முறையின் அடிப்படைக் காப்புரிமைகள் அவருடையவை, ஜெனரேட்டர் தகட்டிலேயே அவை பொறிக்கப்பட்டிருந்தன. அந்த மரியாதை அவருக்கு முழுமையாகச் சேர வேண்டியது. இயந்திரத்தைக் கணக்குப் போட்டு உருவாக்கியவர்கள் பெஞ்சமின் லாம் போன்ற வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர்கள். அவர்கள் பெயர் விடுபடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

மாதிரிப்பட்டறை:

கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டீர்கள், மிக்க நன்றி. ஒரு சந்தேகம். நயாகராவில் மொத்த வீழ்ச்சி இதைவிடக் கூடுதல். டர்பைனோடு ஜெனரேட்டரையும் அருவிக்குக் கீழே ஆற்றோரம் வைத்திருந்தால் இந்த நீள ஷாஃப்டும் வேண்டாம், வீழ்ச்சியும் முழுதாகக் கிடைத்திருக்குமே?

நீர்ச்சக்கரம்:

சரியான இடத்தில் கேட்டீர்கள். 136 அடி என்பது உண்மையிலேயே நட்டம்தான். குழியின் அடியிலிருந்து வெளியேறும் நீர் ஊருக்கு அடியில் ஏறத்தாழ 7,000 அடி சுரங்கத்தில் போய், அருவிக்குக் கீழே பாலத்தருகே ஆற்றில் விழும். குதிரைலாட வடிவம், 21 அடி உயரம், 19 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், உள்ளே பல அடுக்குச் செங்கல் பூச்சு. 1890 அக்டோபரில் வெட்டத் தொடங்கினார்கள். அவ்வளவு தூரம் நீர் ஓட வேண்டுமென்றால் சரிவு வேண்டும், சரிவுக்குக் கொடுத்தது அவ்வளவும் வீழ்ச்சியில் கழியும். கூடவே இன்னொரு இழப்பு: முதல் பவர்ஹவுஸ் சக்கரங்களுக்கு உறிஞ்சு குழாய் (சக்கரத்திலிருந்து கழிவுநீர் மட்டம்வரை இறங்கும் மூடிய குழாய்) கிடையாது, ஆகவே அவை கழிவுநீர் மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டியதாயிற்று. இரண்டாம் பவர்ஹவுஸில் ஃபிரான்சிஸ் வகைக்கு மாறி உறிஞ்சு குழாயும் போட்டார்கள்.

சுரங்கம் ஏன் வந்தது என்பதற்கு ஒரு முன்கதை. 1886-ல் தாமஸ் எவர்ஷெட் போட்ட திட்டத்தில் மின்சாரமே இல்லை. மேலே கால்வாய்கள், ஒவ்வொரு ஆலைக்கும் சொந்தக் குழி, சொந்தச் சக்கரம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கழிவுச் சுரங்கம். பிறகு எட்வர்ட் டீன் ஆடம்ஸ் தலைமையில் வந்த கட்டரேக்ட் கம்பெனி 1890-ல் லண்டனில் வில்லியம் தாம்சன் தலைமையில் நிபுணர் குழு கூட்டி, அழுத்தக் காற்றா, கம்பிவடமா, மின்சாரமா என்று யோசனை கேட்டது. வெஸ்டிங்ஹவுஸுக்கு ஒப்பந்தம் கொடுத்தது 1893 அக்டோபரில். அதாவது என்ன இயந்திரம் என்று முடிவாகும் முன்பே சுரங்கம் வெட்டியாகிவிட்டது. கட்டடத்தின் உருவத்தைச் சுரங்கம்தான் தீர்மானித்தது.

ஆனால் மேலே வைத்ததில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஜெனரேட்டர் சுருளுக்கு ஈரம் எமன். ஆற்றோரம் கீழே கட்டிய நிலையங்களின் கதையைப் பாருங்கள்: 1938 ஜனவரியில் பனிக்கட்டி அடைத்து ஆறு ஏறியபோது கனடாப் பக்க ஒன்டாரியோ பவர் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. 1956 ஜூன் 7-ல் அமெரிக்கப் பக்க ஷெல்கோஃப் நிலையம் பாறைச் சுவர் சரிந்து பெரும்பகுதி ஆற்றுக்குள் போனது. ஆடம்ஸ் ஜெனரேட்டர்களுக்கு இந்த இரண்டு ஆபத்தும் எட்டவில்லை. பிற்காலத்தில் தண்ணீருக்குப் பங்கு வரம்பு வந்ததும் கணக்கு திரும்பியது. ஷெல்கோஃப் 210 அடி அளவு வீழ்ச்சியில் எடுத்ததை அதே தண்ணீரில் ஆடம்ஸ் எடுக்க முடியாது. 1961-ல் ராபர்ட் மோசஸ் நிலையம் 300 அடி வீழ்ச்சியோடு வந்த பிறகு ஆடம்ஸ் தொடர்வதற்கு நியாயமே இல்லாமல் போயிற்று.

கற்சுவர்:

கட்டட விவரம் நான் தருகிறேன். வடிவமைத்தது நியூயார்க்கின் மெக்கிம், மீட் அண்ட் வைட். பொறுப்பேற்றவர் ஸ்டான்ஃபோர்ட் வைட். மாளிகைகளும் மன்றங்களும் கட்டிய ஒருவரை இயந்திரக் கொட்டகைக்கு அழைத்ததற்குக் காரணம் உண்டு. மின்சாரம் நிலைக்குமா என்று முதலீட்டாளர்களே தயங்கிய காலம் அது. நிலைக்கும் என்று கட்டடம் சொல்ல வேண்டியிருந்தது. சுவர் சுண்ணாம்புக்கல். முகத்தை இழைக்காமல் உளி கொத்திய கரடோடு விட்டிருப்பார்கள். மாடலில் வழவழப்பான அட்டை ஒட்டினால் அடையாளமே மாறிவிடும். மெல்லிய தெர்மாகோலில் மழுங்கிய கத்தி முனையால் வரிசை வரிசையாகக் கொத்தி, சாம்பல் வண்ணம் பூசினால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஜன்னல்களைச் சுவருக்குச் சற்று உள்ளடக்கி வையுங்கள். கல்லின் கனம் அந்த நிழலில்தான் தெரியும்.

உள்ளே தூண் இல்லாத ஒரே கூடம், எஃகுக் கூரைச் சட்டம், நீளவாக்கில் ஓடும் 50 டன் கிரேன். கிரேன் வெறும் அலங்காரமில்லை. ஜெனரேட்டரைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால் சுழலும் குடை மொத்தத்தையும் ஆர்மேச்சருக்கு மேலே நேராகத் தூக்கி, அடுத்த ஜெனரேட்டரின் தலைக்கு மேலாகக் கொண்டுபோக வேண்டும். 36 டன் குடைக்கு 50 டன் கிரேன். கூடத்தின் உயரமும் இந்தத் தூக்கலுக்கு இடம் விட்டதாக இருக்க வேண்டும். மாடலில் ஒரு குடையைக் கொக்கியில் தொங்கவிட்டுக் காட்டுங்கள், பார்ப்பவர்களுக்கு உள்ளமைப்பும் தெரியும்.

கால்வாயின் எதிர்க்கரையில் டிரான்ஸ்ஃபார்மர் ஹவுஸ், அதுவும் வைட் வடிவமைத்ததே. இரண்டையும் ஒரு பாலம் இணைத்தது, கேபிள்கள் அதன் வழியே போயின. தொழிலாளர் குடியிருப்பான எகோட்டாவையும் வைட்டிடமே கொடுத்தார்கள். ஒரே கையில் இயந்திரக் கூடமும் வீடுகளும் உருவானது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மிச்சம் என்று பார்த்தால், 1961-ல் இரண்டு பவர்ஹவுஸும் இடிக்கப்பட்டன. பெரிய வருத்தம்தான். டிரான்ஸ்ஃபார்மர் ஹவுஸ் மட்டும் பஃபலோ அவென்யூவில் நிற்கிறது. 1983-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பவர்ஹவுஸின் நுழைவு வளைவைக் கல் கல்லாகப் பிரித்துக் கோட் தீவில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். வளைவின் அருகில் ஆள் நிற்கும் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். கதவின் அளவை அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம், கல் வரிசைகளையும் எண்ணலாம்.

குழியின் உள்ளமைப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கனடாப் பக்கம் உள்ள ராங்கின் நிலையம்தான் வழி. 1905-ல் அதே முறையில் கட்டியது: மேலே 25 சைக்கிள் ஜெனரேட்டர் 11, கீழே குழி, அடியில் கழிவுச் சுரங்கம். 2006-ல் நிறுத்தினார்கள், 2021-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். லிஃப்டில் 180 அடி இறங்கிச் சுரங்கத்தில் நடந்து ஆற்றுமுகம் வரை போகலாம். ஒரு எச்சரிக்கை: அங்கே ஜெனரேட்டரில் உள்பாகம்தான் சுற்றியது. அந்தப் படங்களைப் பார்த்து ஆடம்ஸ் குடையைச் செய்தால் தப்பாகிவிடும். குழி, பென்ஸ்டாக், ஷாஃப்ட் தாங்கும் மேடைகள் ஆகியவற்றுக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

சுருள்கம்பி:

கற்சுவர் சொன்னதோடு ஒன்று. பழைய படங்களில் இரண்டாம் பவர்ஹவுஸும் கலந்து கிடக்கிறது. அதில் 11 யூனிட், முதலாவதில் 10. ஜெனரேட்டரும் வெஸ்டிங்ஹவுஸ் அல்ல, ஜெனரல் எலெக்ட்ரிக். ஒரு படத்தில் வரிசையாக 11 எண்ணினால் அதை ஒதுக்கிவிடுங்கள். மூன்று மட்டும் தெரிந்து, மிச்சக் கூடம் காலியாக இருந்தால் அது 1895–96 காலத்துப் படம், உங்களுக்கு வேண்டியது அதுதான்.